தூரத்து அறைகளிலும் சேர்ந்து அடிக்கும் புகை அலாரம்: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு எப்படிப் பார்த்து வாங்குவது

அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாசலில் நுழைந்தால் முன்னறை, நடுவில் தறி இருந்த அல்லது இன்னும் இருக்கிற நீள அறை, அதைத் தாண்டிச் சமையலறை, அதற்கும் பின்னால் கொல்லை. பிள்ளைகள் வளர்ந்ததும் மொட்டைமாடியில் ஒரு அறை எடுத்திருப்பார்கள். பாட்டி முன்னறையில் படுப்பார், கல்லூரிக்குப் போகும் பையன் மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனை ஐந்தில் வைத்துத் தூங்குவான், சமையலறை இரண்டு பேருக்குமே தூரம். இந்த மாதிரி வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு புகை அலாரத்தை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது அடிக்கும், சந்தேகமில்லை. கேட்க வேண்டியவர் காதுக்குப் போய்ச் சேராது, அதுதான் பிரச்சினை.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் வர வேண்டும் என்பது இந்த அலாரங்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் அளவு. தடையில்லாத இடத்தில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் குறையும், ஆக 12 மீட்டர் தள்ளிப் படுத்திருப்பவருக்கு 73 தான் மிச்சம். நடுவில் சாத்தியிருக்கும் ஒவ்வொரு கதவும் 10 டெசிபலோ அதற்கு மேலோ குறைத்துவிடும். இரண்டு கதவு, ஒரு மாடித் தளம், காதுக்கு நேரே ஓடும் ஃபேன் எல்லாம் சேர்ந்தால் அது தெருவில் யாரோ பேசிக்கொண்டு போகிற சத்தம் அளவுக்கு இறங்கிவிடும். தூங்குகிறவரை எழுப்பத் தலையணைப் பக்கத்தில் 75 டெசிபலாவது கேட்க வேண்டும் என்கிறது என்எஃப்பிஏ 72 என்ற அமெரிக்க விதித்தொகுப்பு. தனி அலாரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நீளமான வீட்டில் இந்த 75ஐ எட்டாது.

இதற்குத்தான் ஒன்றோடொன்று இணைத்த அலாரம். ஏதாவது ஒன்று புகையை உணர்ந்தால் வீட்டில் உள்ள எல்லாமே ஒரே நேரத்தில் அடிக்கும், அவரவர் அறையில், அவரவர் தலைக்கு மேலே.

வாங்கக் கிளம்பும் முன் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். யார் எந்த அறையில், எந்தக் கதவு சாத்தியிருக்கிறது, எங்கே ஏசி ஓடுகிறது, எங்கே என்ன சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. பகலில் பார்க்கும் வீடு வேறு. பகலில் திறந்திருக்கும் நடுக்கதவு ராத்திரி சாத்தியிருக்கும், மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜில் நிற்கும். (வீட்டை விட்டு வெளியே ஓட இருக்கும் ஒரே வழி அந்த மாடிப்படிதான் என்றால், எந்த அலாரம் வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் ஸ்கூட்டர் சார்ஜை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். படி எரிந்துகொண்டிருக்கும்போது மாடியில் அலாரம் அடித்து என்ன செய்வது.)

எத்தனை வேண்டும்? ஆள் தூங்கும் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே இருக்கும் வழியில் ஒன்று, ஒவ்வொரு மாடிக்கும் குறைந்தது ஒன்று, சமையலறைக்குத் தனி. அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்து இரண்டு மாடி வீடு என்றால் ஏழு எட்டு எளிதாக வந்துவிடும், செலவு கூடத்தான் ஆகும். எல்லாம் ஒரே தடவையில் முடியாதென்றால் நான்கில் தொடங்குங்கள்: பெரியவர்கள் படுக்கும் அறை, படியின் மேல்முனை, வீட்டிலேயே தூரமான படுக்கையறை, சமையலறை. ஆனால் பின்னால் சேர்க்கப் போகும் மற்றவையும் அதே கம்பெனி, அதே மாடல் வரிசையில் இருக்க வேண்டும். ஒரு கம்பெனி அலாரம் இன்னொரு கம்பெனி அலாரத்தோடு பொதுவாகப் பேசாது, ஒரே கம்பெனியிலேயே பழைய வரிசையும் புதிய வரிசையும் பேசாத மாடல்கள் உண்டு. நாளைக்கு அந்த மாடலை நிறுத்திவிட்டால் கஷ்டம் என்பதால் முடிந்தால் ஒன்று கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடங்கள் மூன்று இருக்கின்றன, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலாவது, பெட்டியில் வயர்லெஸ் என்று போட்டிருப்பது. பல மலிவான அலாரங்களில் அதற்குப் பேட்டரியில் ஓடும், கரன்ட் வயர் தேவையில்லை என்பது மட்டும்தான் பொருள். இன்னொரு அலாரத்தோடு இணையும் என்று அர்த்தமில்லை. ஒன்று அடித்தால் மற்றதும் அடிக்கும் என்று விளக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதா, எத்தனை வரை இணைக்கலாம் என்று எண்ணிக்கை கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஜவுளிக்கடைகளின் கூரையில் பார்க்கும் வட்டமான டிடெக்டர். விலை குறைவு, பார்க்கவும் அலாரம் மாதிரியே இருக்கும். அதற்குள் சைரன் கிடையாது. சுவரில் இருக்கும் பேனலுக்குத் தகவல் அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை, தனியே இருக்கும் ஹூட்டர்தான் சத்தம் போடும். பேனல் இல்லாமல் இதை வீட்டில் மாட்டினால் கூரையில் ஒட்டிய பிளாஸ்டிக் மூடி, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது: வைஃபை அலாரம். போனில் ஆப்பைப் போட்டால் நோட்டிபிகேஷன் வரும் என்பார்கள். ஊருக்குப் போயிருக்கும்போது தகவல் வர அது நல்லதுதான், நானும் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு சைலன்ட்டில் கிடக்கும் போன் யாரையும் எழுப்பாது, பாட்டியிடம் அந்தப் போனே இருக்காது. கரன்ட் போனால் மோடம் நின்றுவிடும், தீ விபத்து வயரிங்கில் தொடங்கியிருந்தால் முதலில் போவதே கரன்ட்தான். ஆகவே கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மோடத்தை அணைத்துவிட்டு ஒன்றின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மற்றதெல்லாம் அடிக்குமா? அடிக்கும் என்றால் வாங்கலாம். ஹப் (எல்லா அலாரத்துக்கும் நடுவில் இருந்து தகவலை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) ஒன்றின் வழியாகத்தான் பேசிக்கொள்ளும் என்றால், அந்த ஹப்புக்கு பேட்டரி இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

சரி, வயரில் இணைப்பதா, ரேடியோவிலா? ஏற்கெனவே கட்டி முடித்த வீடு என்றால் ரேடியோவே போதும், சுவரை உடைத்துப் பைப் புதைக்கத் தேவையில்லை. வீடு இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ஸ்லாப் கான்கிரீட் போடுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அலாரம் வரும் இடத்துக்கெல்லாம் பைப் போட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு கிடைக்காது. வயர் அலாரத்துக்கு லைன், நியூட்ரல் போக இணைப்புக்கென்று தனியாக ஒரு வயர் எல்லா அலாரத்தையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். 230 வோல்ட்டில் ஓடினாலும் உள்ளே பேட்டரியும் இருக்கிற மாடலாகப் பாருங்கள். லைனை அடிக்கடி பயன்படுத்தும் லைட் சர்க்யூட்டிலிருந்து எடுப்பது நல்லது, எம்சிபி விழுந்தால் லைட் எரியாததை வைத்தே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் அலாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே வயரில் ஓடுபவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் லைனில் நேராகக் கொடுக்கவே கூடாது. ரேடியோ மாடல்களிலும் பல 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வேலை செய்யும், அதில் ஒரு பகுதி இங்கே செல்போன் சேவைக்கு ஒதுக்கியது. இந்தியாவில் உரிமம் வாங்காமல் இவ்வகைச் சிறு கருவிகளுக்குப் பயன்படுத்த விட்டிருப்பதில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் ஒன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னொன்று. இந்த இரண்டில் சுவரைத் தாண்டிப் போவதில் 865 பக்கம் உள்ளதே மேல். பாசத்தோடு கொண்டுவந்ததை மறுப்பது கஷ்டம்தான், அடுத்த தடவை வேறு ஏதாவது வாங்கி வரச் சொல்லுங்கள்.

பெட்டியில் 100 மீட்டர் எட்டும் என்று போட்டிருந்தால் அது வெட்டவெளிக் கணக்கு. கம்பி கட்டிய கான்கிரீட் தளம், பழைய வீட்டின் தடித்த சுவர், இரும்பு பீரோ, தகரக் கூரை எல்லாமே சிக்னலைக் குறைத்துவிடும். அதனால் ட்ரில் எடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து, அந்தந்த அறையில் பரண் மேலோ அலமாரி மேலோ தற்காலிகமாக வைத்து, எல்லாக் கதவையும் சாத்திவிட்டு சோதியுங்கள். சமையலறையில் ஒருவர் டெஸ்ட் பட்டனை அழுத்த, மாடியறையில் இன்னொருவர் கேட்டுச் சொல்லட்டும். அப்புறம் மாடியறையில் அழுத்திச் சமையலறையில் கேளுங்கள், ஒரு திசையில் எட்டினால் மறு திசையிலும் எட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தூரத்து அறை மட்டும் சில நேரம் அடித்து சில நேரம் அடிக்கவில்லை என்றால் அதை அடிக்காத கணக்கிலேயே வையுங்கள். நடுவில் தாழ்வாரத்திலோ படியின் மேலோ ஒன்று கூடுதலாக மாட்டினால் சரியாகிவிடும், ஆனால் வந்த சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும் மாடலாக அது இருக்க வேண்டும். எல்லா மாடலும் அப்படிச் செய்யாது, கேட்டு வாங்குங்கள். வரிசை வீடுகளில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டு அலாரத்தோடு குழம்பாமல் இருக்க, உங்கள் செட்டுக்கென்று தனி அடையாளக் குறியீட்டோடு இணையும் மாடலாகவும் பாருங்கள்.

இனி உள்ளே இருக்கும் சென்சார். புகைத்துகளில் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்துக் கண்டுபிடிப்பது ஒளி வகை, உள்ளே இருக்கும் காற்றை அயனியாக்கி அதில் புகை நுழைவதை உணர்வது அயனி வகை. மெத்தை, துணி, வயர் உறை இவை கனன்று கனன்று புகையும் தீயை ஒளி வகை சீக்கிரம் பிடிக்கும், குப்பென்று பற்றும் தீயில் அயனி வகை சற்று முந்தும். அயனி வகைக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளி அளவு இருக்கும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருவது, பழசானால் குப்பையில் போடவும் முடியாது. அது தாளிக்கும் புகைக்கே கத்துகிற ரகமும்கூட. வீட்டுக்கு ஒளி வகைதான் என் தேர்வு, அதிலும் புகை, வெப்பம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. தரத்துக்கு இஎன் 14604 (ஐரோப்பியத் தரம்) அல்லது யுஎல் 217 (அமெரிக்கத் தரம்) என்று அலாரத்தின் முதுகிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். சிஇ என்ற ஐரோப்பிய முத்திரை மட்டும் இருந்து அதன் பக்கத்தில் சோதித்த அமைப்பின் நான்கு இலக்க எண் இல்லையென்றால் நான் அதைத் தொட மாட்டேன்.

தேவையில்லாமல் அடிப்பது சாதாரண விஷயமில்லை. இணைந்த அலாரத்தில் ஒன்று தவறாக அடித்தால் வீடே அடிக்கும், நாலு தடவை அப்படி ஆனால் ஐந்தாவது தடவை யாராவது பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார்கள், அதோடு எல்லாப் பாடும் வீண். ஆகவே சமையலறையில் புகை அலாரம் மாட்டாதீர்கள். மிளகாய் வறுத்தால் போதும், தெருவே வந்துவிடும். அங்கே வெப்ப அலாரம் மாட்டுங்கள், 57, 58 டிகிரியை ஒட்டி அடிக்கும், அதே செட்டோடு இணையும் மாடல்கள் இருக்கின்றன. பூஜையறையில் சாம்பிராணி, கற்பூரம் இருப்பதால் அதற்கும் இதே யோசனைதான். தறி ஓடும் அறையில் பஞ்சுத் தூசி சென்சாருக்குள் அடைந்துவிடும், அங்கேயும் வெப்ப அலாரம்தான் தாங்கும். மழைக்காலத்தில் ஈசல் உள்ளே புகுந்தாலும் அலாரம் அடிக்கும், நெருக்கமான வலை இருக்கிறதா என்று பாருங்கள்.

சேலத்து வெயிலையும் மறக்கக் கூடாது. பல அலாரங்கள் 38 அல்லது 40 டிகிரி வரைக்கும்தான் என்று கையேட்டில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். சித்திரையில் மொட்டைமாடித் தகர ஷீட் அறைக்குள் அதைவிட எவ்வளவோ ஏறும். அந்த அறைக்கு அதிக வெப்பம் தாங்குவதாக எழுதியிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது ஷீட்டுக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டு அதில் மாட்டுங்கள்.

ஏற்காடு வேறு கதை. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து போகும், ஒளி வகை சென்சாருக்குப் பனியும் புகையும் ஒன்றுதான். வராந்தாவிலும் எப்போதும் திறந்திருக்கும் ஜன்னல் ஓரத்திலும் மாட்டாதீர்கள், வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் மாடல் இங்கேதான் உண்மையில் கைகொடுக்கும். எஸ்டேட் வீடுகளில் கல்சுவர் தடிமனாக இருக்கும், சமையல்கட்டு தனிக் கட்டடம், காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கிய குடோன் இன்னொரு மூலை, காவல்காரர் குடும்பம் இருக்கும் வீடு அதற்கும் கீழே சரிவில். இந்தத் தூரத்தை ரேடியோ அலாரத்தை நம்பி விடாதீர்கள். இரண்டு அல்லது நான்கு மண்டலம் (தனித்தனியாகக் காட்டும் பகுதி) உள்ள சிறிய பேனல், பேட்டரியோடு, தரையில் புதைத்த ஆர்மர்டு கேபிள் (இரும்புக் கவசம் போட்ட வயர்), ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு ஹூட்டர் என்று போவதுதான் சரி. எந்தக் கட்டடத்தில் தீ என்றும் பேனலில் லைட் எரிந்து காட்டும், ராத்திரி பனியில் அது பெரிய உதவி. சிம் போட்டு போனில் கூப்பிடும் கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்த இடத்தில் எந்த நெட்வொர்க் எடுக்கிறது என்று பார்த்து சிம் போடுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி உதவி வந்து சேர எடுக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள், மலையில் முதல் சில நிமிடங்களில் நீங்கள் செய்துகொள்வதுதான் எல்லாம்.

மலைக் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். புகை அடங்கி வெறும் கங்கு இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும், அதற்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, புகை அலாரம் அதைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. கணப்பு அடுப்பு உள்ள பங்களா என்றால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அதே செட்டில் இருக்கட்டும், இஎன் 50291 என்று போட்டிருக்கும். இரண்டு வகைக்கும் சத்தம் வேறு, பெரும்பாலான மாடல்களில் புகைக்கு மூன்று மூன்றாகவும் இதற்கு நான்கு நான்காகவும் அடிக்கும், வீட்டில் எல்லோருக்கும் ஒரு தடவை அடித்துக் காட்டிவிடுங்கள். கேஸ் சிலிண்டர் கசிவுக்கு இன்னொரு தனிக் கருவி, அந்த வாயு காற்றைவிட கனம் என்பதால் அதைத் தரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

மாட்டும் இடம் கூரைதான், முடிந்தவரை நடுவில். நம் வீடுகளில் நடுவில் ஃபேன் இருக்கும் என்பதால் ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளுங்கள், இல்லாவிட்டால் காற்று புகையை அலாரத்திடம் நெருங்கவே விடாது. குளியலறைக் கதவிலிருந்தும் அதே 3 அடி, அடுப்பிலிருந்து 10 அடி, சுவரும் கூரையும் சேரும் மூலையில் மாட்டவே கூடாது. ஓட்டு வீட்டுச் சரிவுக் கூரை என்றால் உச்சியிலிருந்து 3 அடிக்குள், ஆனால் உச்சியின் கடைசி 4 அங்குலத்தை விட்டுவிடுங்கள், அந்த இடுக்கில் காற்று தேங்கி நிற்கும், புகை எட்டத் தாமதமாகும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொன்றைக் கவனியுங்கள். சாதாரண அலாரத்தின் சத்தம் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சுச் சத்தம், வயதானால் முதலில் மங்குவது அந்த உச்ச ஸ்தாயிச் சத்தத்தைக் கேட்கும் திறன்தான். 520 ஹெர்ட்ஸில் தாழ்ந்து ஒலிக்கும் அலாரம் தூங்குகிறவர்களை நன்றாக எழுப்புகிறது. காது மெஷினைக் கழற்றிவிட்டுப் படுப்பவருக்கு, அலாரத்தோடு சேர்ந்து தலையணைக்கு அடியில் அதிரும் தட்டு வாங்கலாம். சிறு பிள்ளைகள் அலாரத்துக்கு எழுந்துவிடுவார்கள் என்று நம்பாதீர்கள், யார் போய்த் தூக்குவது என்று முன்பே பேசி வையுங்கள். வாசல் கிரில் கேட்டைப் பூட்டும் வீடுகளில் சாவி பீரோவுக்குள் இருக்கக் கூடாது, கதவுக்குப் பக்கத்தில், இருட்டில் கைக்கு எட்டும் ஆணியில் தொங்க வேண்டும். வெளியே வந்த பிறகு 101 அல்லது 112க்குக் கூப்பிடுங்கள்.

மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டன், ஒவ்வொரு மாதமும் வேறு வேறு அலாரத்தில் அழுத்தினால் எல்லா இணைப்பும் சோதித்ததாக ஆகும். பல மாடல்களில் முதலில் அடித்த அலாரத்தில் மட்டும் சிவப்பு லைட் வேகமாக மின்னும், அதைப் பார்த்துத்தான் எந்த அறை என்று கண்டுபிடிக்க வேண்டும், எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை கீச்சென்றால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். மாற்றவே தேவையில்லாத 10 வருட லித்தியம் பேட்டரி உள்ள மாடல் வாங்கினால் ஏணி போட்டு ஏறும் வேலை மிச்சம். சில மாதத்துக்கு ஒருமுறை வேக்யூம் கிளீனராலோ மெல்லிய பிரஷ்ஷாலோ தூசியைத் தட்டுங்கள், பெயின்ட் அடிக்கும்போது கழற்றி வைத்துவிட்டு மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். பேட்டரி நன்றாக இருந்தாலும் சென்சாரின் ஆயுள் 10 வருடம்தான், அது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியிலிருந்து. கடையில் வாங்கும்போதே அந்தத் தேதியைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு மூன்று வருடம் குடோனில் கிடந்த சரக்கு என்றால் வேறு எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மாற்றவேண்டிய வருடத்தை மார்க்கர் பேனாவால் அலாரத்தின் ஓரத்தில், கீழே நின்று பார்த்தாலே தெரிகிற மாதிரி எழுதிவிட்டு மாட்டுங்கள்.